மழைக்கு உள்ளே எடுத்து வைத்தது

“சரி, இதுல விளையாட்டு எங்க இருக்கு?”

முகம் தெரியாத யாரோ ஒருவர் அதேசுவாவிடம் கேட்ட கேள்வி அது. விளையாட்டுக் கம்பெனியின் தளத்தில் அவள் எழுதிய பரிந்துரைக்குக் கீழே அந்த ஒரு வரி நின்றது.

மரம் வெட்டி, மண் தோண்டி, வீடு கட்டி, கம்பி இழுத்து விளக்கு ஏற்றும் அந்தக் கைபேசி விளையாட்டில் காற்றாலை புயலில் முறியும், நிலக்கரி உலை வெடிக்கும், அணைக்கட்டு உடைந்து கீழே இருப்பவர்களை அடித்துக்கொண்டு போகும். பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டும் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. படுக்கையறையில் வைத்தாலும் சமர்த்தாக ஓடும். அது சரியில்லை என்று அதேசுவா எழுதியிருந்தாள். மூடிய அறைக்குள் ஓட்டினால் புகை சேர வேண்டும். அதற்கு நிறமோ வாசனையோ இருக்கக் கூடாது. மணி அடிக்கக் கூடாது, திரையின் ஓரம் சிவக்கக் கூடாது. கால் கொஞ்சம் கனக்கலாம், அவ்வளவுதான். தூங்குகிறவர்களை அது முதலில் எடுக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் திறப்பது தவிர வேறு மருந்து இருக்கக் கூடாது.

எரிமலைக் குழம்பு ஒளிரும், ஓநாய் உறுமும், எச்சரிக்கையே இல்லாமல் சாவதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்றுதான் அந்த மனிதர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் எழுதும் பெட்டியைத் திறந்தாள். பிறகு கைபேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அவளிடம் பதில் இருந்தது. அங்கே போடக்கூடிய பதில் இல்லை.

அவளுடைய அக்கா இசோகென் முடி பின்னும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தோழிப்பெண்கள் பாதி ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னி முடிப்பதற்குள் கரண்ட் போயிற்று, மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் போன பிறகு, கடையில் வேலை செய்து அங்கேயே தங்கிய பெண்கள் ஜெனரேட்டரைப் பின்பக்க நடைவழிக்குள் இழுத்து வைத்தார்கள். வெளியே விட்டால் நனையும், நனையாவிட்டால் திருடு போகும். ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு, சவுரி மூட்டைகளுக்கு நடுவே படுத்தார்கள். காலையில் ஷட்டரை உடைத்தபோது ஜெனரேட்டர் பெட்ரோலைக் குடித்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பெண்களும் சும்மா இருந்தார்கள். இசோகெனின் தலையில் ஒரு பாதி மட்டும் பின்னப்பட்டிருந்தது. யாரோ தோழி அவளுக்குப் பின்னத் தொடங்கி, தூக்கம் வந்து, காலையில் முடிக்கலாம் என்று விட்டிருக்க வேண்டும்.

உள்ளே இழுத்தது யார் என்று ஒருவரும் அதேசுவாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வீட்டில் மழை வந்தால் எழுந்து ஓடுவது இசோகென்தான். அவர்களுடைய சின்ன ஜெனரேட்டரை ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல மார்போடு அணைத்துத் தூக்கி வருவாள். “பாவம், நனையுது பாரு” என்று தன் நீலச் சுற்றுத்துணியால் துடைத்து, அதையே மேலே போர்த்திவிடுவாள். அந்த ஜெனரேட்டருக்கு ஒரு இருமல் உண்டு. சீராக ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு முறை இருமி, மறுபடி ஓடும்.

அன்று இரவு கடையில் தூங்குவதற்குமுன் இசோகென் அந்த விளையாட்டில் இருந்திருக்கிறாள். அதில் நாம் வெளியேறினால் நம்முடைய உருவம் மறையாது. இருந்த இடத்திலேயே படுத்துத் தூங்கும். அக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டிய மஞ்சள் வீட்டில், சுவர்ப்பக்கம் திரும்பி, இசோகெனின் உருவம் அன்றிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது. போர்வை ஏறி ஏறி இறங்கும். கட்டம் கட்டமான அந்த முகத்துக்கு அவள் கண் வரைந்திருந்தாளே தவிர வாய் வரையவில்லை. “வாய் வெச்சா இங்கயும் உன்கூட சண்டை போட்டுக்கிட்டே இருப்பேன்டி” என்று சிரித்திருந்தாள்.

உலகத்தில் அக்கா மூச்சுவிடும் இடம் அது ஒன்றுதான். அதேசுவா தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

அந்த உலகம் நோசாவின் மடிக்கணினியில் இருந்தது. நோசா அவளுடைய பெரியப்பா மகன். பெனின் சிட்டியில் அவர்கள் குடியிருந்த அந்த நீள வீட்டின் முன்னறையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கூரையில் சூரியத்தகடு மாட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாரும் விளையாட அந்த உலகத்தை இரவும் பகலும் ஓடவிட்டிருந்தான். அவளுடைய பரிந்துரையை அவனும் படித்திருக்கிறான். ஒரு நாள் கூப்பிட்டான்.

“பண்ணிட்டேன்டி. பெரிய கம்பெனிக்காரன் கேக்கலைன்னா போறான். நம்ம உலகத்துல உன் புகை வந்தாச்சு.”

“நான் சொன்ன மாதிரியேவா அண்ணா?”

“அச்சு அசல். கலரும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்தத் தையல்காரர் பையன் காலைலயே செத்துட்டான். என் பரம்பரையையே இழுத்துத் திட்டிட்டுப் போறான்.” சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“தூங்கறவங்களுக்கும் வருமா?”

“நீதானே அப்படி எழுதியிருந்த?”

நடைவழியில் பாதி தூரம் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மஞ்சள் வீட்டிலும் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது.

ஓடி வந்து கைபேசியைத் திறந்தாள். அது வெளியேதான் இருந்தது. கதவுக்குத் தொலைவாக, அவளே கட்டிய தகரக் கொட்டகையில். போர்வை ஏறி இறங்கியது. அதேசுவா மூச்சு விட்டாள்.

அவர்கள் குடியிருந்த நீள வீட்டில் நடைவழிக்கு இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இசோகென் போனதிலிருந்து மழை வரும்போதெல்லாம் அதேசுவா நடைவழி வாசலில் நின்றுவிடுவாள். வேறு எதற்கும் குரல் எழுப்பாத பெண், ஒரு ஜெனரேட்டரையும் வாசற்படி தாண்ட விடவில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கொல்லையில் தகரக் கூரை போட்ட இரும்புக் கூண்டு ஒன்று செய்து, எல்லா ஜெனரேட்டரையும் அதில் பூட்டினார்கள். எதிர் அறை எஃபேயின் அம்மா அவளைப் பார்த்தாலே வம்புக்கு இழுப்பாள்.

“வாங்க போலீசம்மா! என் மெஷின் ஜெயில்லதான் இருக்கு. கஞ்சி ஊத்திட்டுத்தான் வந்தேன். வேணும்னா போய்க் கேட்டுப் பாரு.”

சொல்லிவிட்டு, பொரித்த அக்கரா வடை இரண்டை அவள் கையில் திணிப்பாள்.

முதல் முறை நடந்தது விளையாட்டில் மழை பெய்த ஒரு மாலை. அதேசுவா போனபோது மஞ்சள் வீட்டின் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்துவதில்லை. திறந்தாள். ஜெனரேட்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் வெளியே இழுத்து, ஜன்னல் கட்டைகளை உடைத்துப் போட்டு, போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறியது. இறங்கியது. ஏறியது. பிறகுதான் இரண்டு விஷயங்கள் மனதில் தட்டின. ஜெனரேட்டரின் மேல் ஒரு நீலத் துணி விரித்திருந்தது. அதன் சத்தம், அந்த விளையாட்டின் எல்லா ஜெனரேட்டருக்கும் இருக்கும் ஒரே மாதிரியான ரீங்காரம், நடுவில் ஒரு முறை இருமியது.

அடுத்த மழைக்கும் அப்படியே. அதற்கடுத்த மழைக்கும். நோசாவிடம் போய் நின்றாள். அவன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஆவ்ச்சியில் ஒரு சாவுச் சடங்கு.

“யாராவது குறும்பு பண்றாங்களா அண்ணா?”

“பண்ண முடியாது. அந்த வீட்டுக் கதவு ரெண்டு பேருக்குத்தான் திறக்கும். நீ...” அவன் பையின் ஜிப்பை இழுத்தான். அது சிக்கிக்கொண்டது. இழுத்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணா, புகையை எடுத்துடுங்க.”

“நீதானே கேட்ட?”

“இப்ப வேண்டாம். அவ அங்க தூங்கறா. அவளையும் எடுத்துடும்.”

அவன் அவள் தலையில் கை வைத்தான். “திங்கக்கிழமை வந்ததும் முதல் வேலை அதுதான். இப்ப வண்டி போயிடும். ரெண்டு நாள் பாத்துக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து, சோறும் மிளகாய்க் குழம்பும் தின்று வீடு முழுக்க உறங்கும் பிற்பகலில், வானம் ஒரு மூலையிலிருந்து கறுக்கத் தொடங்கி, மாலை வந்துவிட்டதோ என்று கோழிகள் கூண்டுக்குத் திரும்பும் அளவுக்கு இருட்டி, தகரக் கூரைகளின்மேல் முதலில் தொலைவிலும் பிறகு அருகிலும் பிறகு தலைக்கு நேர் மேலும் மழை வந்து விழுந்தது. கரண்ட் போயிற்று. விசிறி சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. செம்மண் நனைகிற வாசனை நடைவழியில் புகுந்து, எஃபேயின் அம்மா வீட்டு எண்ணெய் வாசனையோடும் சோப்பு வாசனையோடும் கலந்து, திரைச்சீலையை லேசாக ஊதியது. அம்மா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்குக் கட்டிய தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அறைக் கதவை அகலத் திறந்து, கல் வைத்து நிறுத்திவிட்டு, அதேசுவா தரையில் பாயில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அங்கேயும் மழை.

மஞ்சள் வீட்டின் ஜன்னலில் வெளிச்சம். கதவு சாத்தியிருந்தது. திறந்து, நீலத் துணி போர்த்திய ஜெனரேட்டரை வெளியே இழுத்துக் கொட்டகையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கியது, ஆனால் முன்னைவிட மெதுவாக. அவளுக்குக் கண் நிறைந்தது. இன்று நகரப் போவதில்லை என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மழைச் சத்தம். நடுவில் ஒரு இருமல்.

கொட்டகை காலியாக இருந்தது.

உள்ளே திரும்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி வெளியே வைத்தாள். இந்த முறை கொட்டகையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வந்து கதவில் முதுகு கொடுத்து நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் அசையவில்லை. எதுவோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. உள்ளே திரும்பினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இசோகென் எப்போதும் மடித்துத்தான் வைப்பாள்.

மறுபடி வெளியே பார்த்தபோது மழைக்கோடுகளுக்குள் அந்த உருவம் வந்துகொண்டிருந்தது. கட்டம் கட்டமான கைகளில் ஜெனரேட்டரை மார்போடு அணைத்தபடி. அவசரமே இல்லை. கீழே விழுந்துவிடக் கூடாது என்கிற கவனம் மட்டும் இருந்தது. அதேசுவாவைக் கடந்து உள்ளே போயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தது. துணியை விரித்தது. ஓரத்தை இழுத்துச் சரிசெய்தது. கதவைச் சாத்தியது. போய்ப் படுத்துக்கொண்டது. சுவர்ப்பக்கம் திரும்பி.

பயம் அப்போது வரவில்லை. அதற்குமுன் வேறொன்று வந்து அவள் நெஞ்சைப் பிடித்தது. அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கு இன்னும் தெரியாது. தூங்கப் போனவளை யாரும் எழுப்பிச் சொல்லவில்லை. நனைகிற ஒன்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டோம் என்கிற நிம்மதியோடு இன்னும் படுத்திருக்கிறாள்.

அதேசுவா தட்டினாள். விரல்கள் ஏனோ கனத்தன.

அக்கா.

வெளிய வெச்சிடு அக்கா. நனைஞ்சா நனையட்டும்.

போர்வை ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது.

தலைக்குள் ஒரு வலி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மழை நாளில் வரும் தலைவலி. சொன்னால் தாங்குவாளா? சொல்லாமல் விட்டால் இன்னொரு முறை அவளை இழக்க வேண்டும். அதுவும் கண்ணெதிரே. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. தட்டி முடித்தாள்.

நீ அன்னைக்குக் காலைல எழுந்திருக்கவே இல்லக்கா. இந்தப் புகைதான். நீ உள்ள எடுத்து வெச்சதுதான்.

போர்வை நின்றது.

உருவம் எழுந்து உட்கார்ந்தது. திரும்பியது. வாய் இல்லாத முகத்தில் இரண்டு கண்கள் திரையிலிருந்து அவளைப் பார்த்தன. பிறகு, அவளுடைய தோளுக்கு மேலாக, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன. எழுந்தது. கதவைத் திறந்தது. மழைக்குள் போயிற்று.

அதேசுவா இயர்போனைக் கழற்றினாள்.

சத்தம் குறையவில்லை.

மழை. தகரம். அதற்குக் கீழே, சீராக, அந்த ஓட்டம்.

ஒரு இருமல்.

கைபேசியிலிருந்து வரவில்லை.

மெதுவாகத் திரும்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் தொங்கும் கைக்கு நேர் கீழே, அது நின்றது. அவர்களுடைய ஜெனரேட்டர். கூண்டில் பூட்டிய ஜெனரேட்டர். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்கப்பட்டிருந்தது. மேலே நீலச் சுற்றுத்துணி. அக்காவோடு மண்ணுக்குள் போன சுற்றுத்துணி. அதன் ஓரம் இழுத்துச் சரிசெய்யப்பட்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. முட்டுக் கொடுத்த கல், சுவரோரம் அழகாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது.

“அம்மா.”

நாக்கு தடித்துக் கிடந்தது.

“அம்மா.” கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. அம்மா வரவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். அது ஓடியது. தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. முழங்கால் மடிந்தது. கதவு வரை தவழ்ந்து போய், தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கி, திறந்தாள். நடைவழியின் காற்று வந்தது. அது காற்று இல்லை. கனமாக, வெதுவெதுப்பாக, எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது.

நடைவழியின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒவ்வொரு வாசற்படியிலும், மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி, துணி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நெருக்கமாக. அக்கறையாக.

ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சத்தம்.

எல்லாச் சத்தமும் அவளுக்குத் தெரியும். எஃபேயின் அம்மாவுடையது கீச்சென்று ஓடும். தையல்காரருடையது தடதடக்கும். கோடி அறைப் பாட்டுக்காரருடையது முனகும். எல்லாம் ஓடின. உள்ளே, தூங்குகிறவர்களின் பக்கத்தில். கொல்லைக் கதவு வழியாகக் கூண்டு தெரிந்தது. சங்கிலி பூட்டியபடியே இருந்தது. கூண்டு காலியாக இருந்தது.

நடைவழியின் கோடியில், மழையின் சாம்பல் வெளிச்சத்துக்கு முன்னால், இசோகென் நின்றாள்.

கடையில் போடும் முன்துணியோடு. ஒரு பாதி பின்னிய தலை. மறுபாதி அவிழ்ந்து, நனைந்து, முகத்தில் ஒட்டிக்கிடந்தது. கைகள் இரண்டும் எதையோ மார்போடு அணைத்த வாக்கில் இன்னும் மடங்கியிருந்தன. கைகளுக்குள் எதுவும் இல்லை.

“அக்கா... கதவைத் திற... எல்லாக் கதவையும்...”

சொன்னாளா, நினைத்தாளா, தெரியவில்லை. எஃபேயின் அம்மாவின் கதவை ஓங்கி அடித்தாள். கை பஞ்சாகப் பட்டது. உள்ளிருந்து கீச்சென்ற அந்த ஓட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தாள்.

இசோகென் சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசற்படிகளில் தான் சுருட்டி வைத்த துணிகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன்னுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

தங்கையை ஒரு முறை பார்த்தாள்.

திரும்பி, மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.